பாத் நகரம்: முகப்பு பத்திரமாக இருக்கிறது, ஊர்?

வைகைக்கரையான் எழுதியது:

இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள் வீட்டு ஆல்பத்தில், பாத் நகரத்தில் பிறை வடிவில் வளைந்து நிற்கிற வீட்டு வரிசையான ராயல் கிரசண்டின் புல்வெளியில் நின்று எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். நான் அந்த ஊரில் வாடகைக்கு இருந்தவன். வாடகை கட்டுப்படியாகாமல் பக்கத்து ஊரான ட்ரோபிரிட்ஜுக்கு மாறி, இப்போது தினமும் ரயிலில் பாத்துக்கு வேலைக்கு வருகிறேன். எழுதுவதில் எரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாத் பற்றிப் பேச்செடுத்தாலே பாரம்பரியம் ஒரு கட்சி, வளர்ச்சி ஒரு கட்சி என்று பிரிந்து நின்றுவிடுகிறார்கள். ஆற்றங்கரையில் அத்தனை மாடி வரலாமா, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா, குன்றின் மேலிருந்து பார்த்தால் புதுக் கூரை உறுத்துமா, இப்படியே போகிறது. எல்லாம் வெளியே தெரிகிற சமாச்சாரம். ஆனால் ஊர் அங்கே இருப்பதற்கே காரணம் வெந்நீர். மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் ஆழமாக இறங்கி, சூடேறி, 46 டிகிரியில் ஊர் நடுவே கொப்பளிக்கிறது, நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். ரோமானியர் சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்குக் கோயில் கட்டியதும் அதை வைத்துத்தான், பதினெட்டாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் சீட்டாடவும் சம்பந்தம் பேசவும் வந்து குவிந்ததும் அதைச் சாக்காக வைத்துத்தான்.

யுனெஸ்கோ 1987இல் பாத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் ஐரோப்பாவின் பெரிய ஸ்பா நகரங்கள் என்று ஏழு நாடுகளிலிருந்து பதினோரு ஊர்களைச் சேர்த்தார்களே, அதிலும் பாத் உண்டு. ஸ்பா ஊர் என்றால் நோயாளி வந்து குளித்துக் குணமாகிற ஊர் என்றுதானே அர்த்தம்? அந்தப் பாரம்பரியம் என்ன ஆனது என்று பாருங்கள்.

ஊர் நடுவே, அப்பர் பரோ வால்ஸ் தெருவில், ஒரு பெரிய கல் கட்டடம் இருக்கிறது. 1738இல் தொடங்கி 1742இல் திறந்த மருத்துவமனை. நாடு முழுவதிலுமிருந்தும் ஏழை நோயாளிகள் வந்து இந்தத் தண்ணீரில் சிகிச்சை பெறுவதற்காகக் கட்டியது. கல் கொடுத்தவர் சுரங்க முதலாளி ரால்ஃப் ஆலன், வரைபடம் கட்டடக் கலைஞர் ஜான் வுட், பணம் திரட்டியதில் அந்தக் காலத்தில் ஊரின் கேளிக்கைகளை நடத்தி 'ராஜா' என்று பேர் வாங்கிய பியூ நாஷுக்குப் பெரிய பங்கு. ஆரம்பத்தில் பாத் ஊர்க்காரர்களுக்கே அங்கே இடம் கிடையாது, நீங்கள்தான் உள்ளூரிலேயே குளித்துக்கொள்ளலாமே என்றார்கள்! பிற்பாடு மூட்டுவாத நோய்களுக்கான தேசிய மருத்துவமனை ஆயிற்று, ஊரில் "மின்" என்று செல்லமாகச் சொல்வார்கள். 1976இல் என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவை இந்த வெந்நீர்ச் சிகிச்சையை நிறுத்தியது. 2018இல் கட்டடம் ஹோட்டலுக்காக விற்கப்பட்டது, அடுத்த வருடம் மருத்துவமனை அங்கிருந்து காலியானது.

முகப்பில் ஒரு கல்லைக்கூட யாரும் இஷ்டத்துக்கு அசைக்க முடியாது, சட்டம் அப்படி. அந்தக் கட்டடத்துக்குள் யார் படுக்கலாம் என்பதுதான் மாறிவிட்டது, அதுவும் பாரம்பரிய இழப்பு என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. இதைத்தான் கேட்கிறேன். எதைப் பாதுகாக்கிறோம்?


கூட்டத்தில்ஒருவன் எழுதியது:

நான் போனபோது எங்கே பார்த்தாலும் டூரிஸ்ட் பஸ், கையில் ஐஸ்கிரீம், அப்புறம் ரோமானியக் குளியலிடத்தில் அந்தப் பச்சைத் தண்ணீர். ரோமானியர் எப்படித்தான் இதில் இறங்கினார்களோ. வெந்நீர் இலவசமாக வேண்டுமென்றால் வீட்டில் ஹீட்டர் போட்டுக்கொள்ளுங்கள் :)


சுண்ணாம்புக்காரன் எழுதியது:

மேலே இருப்பவருக்கு: அந்தத் தண்ணீர் பச்சையாக இருப்பது மேலே கூரை இல்லாமல் வெயில் பட்டுப் பாசி பிடிப்பதால். ரோமானியர் காலத்தில் மேலே கூரை இருந்தது. இன்னொன்று, நீங்கள் ரோமானியக் கட்டடம் என்று படமெடுத்ததில் தூண்களின் அடிப்பாகத்துக்கு மேலே இருப்பதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. மாடியில் வரிசையாக நிற்கிற பேரரசர் சிலைகளும் விக்டோரியா காலத்தவைதான்.

வைகைத் தம்பி, ஆஸ்பத்திரி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் "முகப்பு" என்று இளக்காரமாகச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். நான் பழைய கட்டடங்களில் கல் வேலையும் சுண்ணாம்பு வேலையும் பார்க்கிறவன், பாதி ஆயுள் சாரத்தின் மேலேயே போய்விட்டது. இந்த விதிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன தெரியுமா?

1942 ஏப்ரலில் ஜெர்மானியர் குண்டு போட்டார்கள். நானூறு பேருக்கு மேல் செத்தார்கள், அசெம்பிளி ரூம்ஸ் என்கிற பழைய நடன மண்டபம் எரிந்து, பிறகு திருப்பிக் கட்டி 1963இல்தான் திறந்தார்கள். சரி, அது போர். ஆனால் அதற்குப் பிறகு 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் நகராட்சியே புல்டோசரைக் கொண்டுவந்ததே, அதற்கு என்ன சொல்வது? வட்டமாக வீடுகள் நிற்கிற சர்க்கஸ், கிரசண்ட் மாதிரிப் பெரிய இடங்களில் கை வைக்கவில்லை. அவற்றைச் சுற்றி இருந்த சின்னச் சின்ன வரிசை வீடுகளைத்தான் தெருத் தெருவாக இடித்தார்கள். பல்லக்கு நாற்காலி தூக்கியவனும் தச்சனும் தையல்காரியும் குடியிருந்த வீடுகள். அதே கல், அதே காலம், அளவு மட்டும் சிறிது. பழசாகிவிட்டது, ஓதம் அடிக்கிறது, குழாய் இல்லை என்று காரணம் சொன்னார்கள். குழாய் போட்டிருக்கலாம்! அந்த இடத்தில் கான்கிரீட் குடியிருப்புகள் வந்தன. ஊருக்கு அடியில் சுரங்கச் சாலை தோண்டுகிற திட்டம்கூட இருந்தது, நல்ல வேளை கைவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்து நிறுத்தியதால்தான் மிச்சம் இருக்கிறது.

ஸ்டேஷன் எதிரே சவுத்கேட் கடைவீதி இருக்கிறதே, அங்கே 70களில் ஒரு கான்கிரீட் பெட்டியை வைத்தார்கள். அதையும் 2007இல் இடித்துவிட்டு ஜார்ஜியக் கல் முகப்பு மாதிரி ஒன்றை ஒட்டினார்கள். கல் நிஜக் கல்தான், ஆனால் உள்ளே இரும்புச் சட்டம், கல் வெறும் தோல். ஒரே இடத்தில் அறுபது வருடத்துக்குள் மூன்று ஊர். எந்தப் பக்கம் வீண்செலவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.


தேம்ஸ்கரை எழுதியது:

நான் நகரத் திட்டமிடல் துறையில் இருப்பவன், லண்டனில். சுண்ணாம்புக்காரன் அண்ணன் சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து நான் எடுக்கிற முடிவு வேறு.

முதலில் ஜான் வுட் யார்? கோயில் கட்டிய சிற்பி மாதிரி அவரை வைத்துப் பேசுகிறோம். அவர் ரியல் எஸ்டேட்காரர் சார். நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பார், முகப்பை மட்டும் ஒரே மாதிரி வரைந்து கொடுப்பார், மனை மனையாக உள்குத்தகைக்கு விடுவார். எடுத்தவன் முகப்புக்குப் பின்னால் தன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொள்வான். 1767இல் தொடங்கி 1775இல் முடிந்த ராயல் கிரசண்ட் மகன் வுட் செய்தது, முப்பது வீடு. முன்னால் ஒரே கோடு. பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள், ஒரு வீடு முன்னே துருத்தி நிற்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும், ஜன்னல் ஒன்றுக்கொன்று மட்டம் சேராது. 1793இல் பாத்தில் வங்கிகள் திவாலானபோது பல்ட்னி பக்கத்துத் தெருக்கள் பாதியிலேயே நின்றுபோயின. கிரேட் பல்ட்னி தெருவில் நடந்தால் பக்கத்துத் தெருக்கள் நாலடியில் முடிந்துவிடுவதைப் பார்க்கலாம். கடன் வாங்கிக் கட்டி, கடன் நின்றதும் நின்ற ஊர் அது. இன்று அதே மாதிரி ஒருவர் மனு கொடுத்தால் பேராசைக்காரன் என்போம்.

இரண்டாவது, பாத் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றிக் குன்று, குன்றுக்கு அப்பால் பசுமை வளையம், அங்கே கட்ட முடியாது. ஊருக்குள் சட்டப்படி பாதுகாக்க வேண்டியவை என்று பட்டியலிட்ட ஏறக்குறைய ஐயாயிரம் கட்டடங்கள், அங்கேயும் கட்ட முடியாது. இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மிச்சம் என்ன? ஆற்றங்கரையில் மூடிப்போன தொழிற்சாலைகளும் காஸ் கம்பெனி நிலமும்தான். அங்கே வெஸ்டர்ன் ரிவர்சைடு என்ற பகுதியில் இரண்டாயிரம் வீடு கட்டுகிற திட்டம் வந்ததும் யுனெஸ்கோ 2008இல் ஆய்வுக் குழுவையே அனுப்பியது. வைகை, நீங்கள் ட்ரோபிரிட்ஜுக்குப் போனதற்கு ஹோட்டல் முதலாளி மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு மாடியை, இரண்டு மாடியைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட நல்லவர்களும் காரணம். மாடி குறைந்தால் முதலில் வெட்டுவது மலிவு வீடுகளைத்தான், கட்டுகிறவன் தன் லாபத்தை வெட்ட மாட்டான்.

பாத் இரண்டாவது முறை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அதே 2021 கூட்டத்தில்தான் லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், துறைமுகப் பக்கம் கட்டியதற்காக. டிரெஸ்டனை 2009லேயே நீக்கிவிட்டார்கள், எல்பே ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்காக. அந்தப் பாலம் வேண்டும் என்று ஊர்மக்களே ஓட்டுப் போட்டிருந்தார்கள். பட்டம் போனதால் அந்த ஊர்கள் மூழ்கிவிடவில்லை.


ரைன்நதி எழுதியது:

எல்லாரும் இங்கிலாந்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், விடுமுறைக்கு இந்த வெந்நீர் ஊர்களுக்குப் போய்வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இரண்டு ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைன். மலைச்சரிவில் அருவி விழுகிறது, அருவியைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கிற பழைய பெரிய ஹோட்டல்கள், ஒரு காலத்தில் பேரரசர்கள் வந்த இடம். ஊர் நடுவில் இருந்த ஸ்ட்ராபிங்கர், பாடெஷ்லோஸ் போன்ற கட்டடங்களை வியன்னாவிலிருந்து வந்த முதலீட்டாளர் வாங்கிப் போட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்றபடியால் இடிக்கவும் முடியாது. ஆனால் திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஆளில்லை. கூரை ஒழுகி, ஜன்னல் உடைந்து, வருஷக்கணக்காக அப்படியே கிடந்தன. கடைசியில் 2017இல் சால்ஸ்பூர்க் மாநில அரசே விலைக்கு வாங்கி, அவசரத் திருத்தம் செய்து, அடுத்த வருஷம் வேறு ஒரு குழுமத்துக்கு விற்றது. 2023இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். சுண்ணாம்பு அண்ணை, சட்டம் இருந்தும் கட்டடம் செத்துக்கொண்டிருந்தது. அங்கே வளர்ச்சிக்காரனால் கெடவில்லை, வாங்கிப் பூட்டி வைத்தவனால் கெட்டது.

மற்றது செக் நாட்டின் கார்லோவி வாரி. கம்யூனிஸ்ட் காலத்தில், 1967க்கும் 76க்கும் இடையில், பழைய வீடுகளை இடித்துவிட்டு 'தெர்மல்' என்று ஒரு பிரம்மாண்டக் கான்கிரீட் ஹோட்டல் கட்டினார்கள், திரைப்பட விழாவுக்காக. வடிவமைத்தவர்கள் மகோனின் தம்பதி. அதைப் பார்த்தால் அந்த ஊரின் வெள்ளைக் கேக் மாதிரிக் கட்டடங்களுக்கு நடுவில் விண்கலம் இறங்கினது போலத்தான் இருக்கும். எனக்கு முதலில் அறவே பிடிக்கவில்லை. இப்போது செக் நாட்டு இளம் கட்டடக் கலைஞர்கள் அதைக் காப்பாற்ற வேண்டும், உள் அலங்காரத்தை மாற்றாதே என்று போராடுகிறார்கள்! அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. ஆனால் அதற்காக இடித்த தெருவைத் திருப்பித் தர யாராலும் ஏலாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஊற்றுநீரைக் கொலனேட் என்கிற தூண் மண்டபங்களில் யாரும் காசில்லாமல் பிடித்துக் குடிக்கலாம். மூக்குள்ள பீங்கான் குவளையோடு வயசானவர்கள் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டு நடப்பார்கள். உப்பும் இரும்பும் கலந்த ருசி, இரண்டாவது வாய்க்கு மனசு வராது. டாக்டர் சீட்டோடு மூன்று வாரம் தங்குகிறவர்களும் இன்னும் வருகிறார்கள். வைகை கேட்கிற பாரம்பரியம் அங்கே கொஞ்சம் உயிரோடு இருக்கிறது.


வைகைக்கரையான் எழுதியது:

ரைன்நதி அக்கா, அந்தக் கடைசிப் பத்திக்காகவே நன்றி.

தேம்ஸ்கரை, வீடு கட்டக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஆற்றங்கரையில் தாராளமாகக் கட்டட்டும். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் ஸ்டோதர்ட் அண்ட் பிட் கம்பெனி துறைமுகக் கிரேன்கள் செய்துகொண்டிருந்தது, உலகம் முழுக்க ஏற்றுமதி. பாத்தில் தொழிலாளி என்று ஒரு இனமே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, அதில் ஒரு பழைய பட்டறை மட்டும் இப்போது அலுவலகமாக நிற்கிறது. அதைப் பற்றி எந்த டூரிஸ்ட் கைடும் மூச்சு விட மாட்டார்.

நான் சொல்ல வந்தது தண்ணீர். முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யார் மேல் பழி போடுவது என்பது அவ்வளவு சுலபம் இல்லை.

1978இல் வெந்நீர்க் குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளைக் காய்ச்சலில் இறந்தாள். தண்ணீரில் இருந்த அமீபா, மூக்கு வழியாக ஏறுவது. குளங்களை மூடிவிட்டார்கள். மூடியது சரிதான். ஊற்று மேலே வருகிற கடைசி அடிகளில், மண்ணும் பழைய கட்டுமானமும் கலக்கிற இடத்தில்தான் அழுக்கு சேர்கிறது என்பதால், பிறகு ஆழ்குழாய் இறக்கி அழுக்குப் படாத தண்ணீரைக் கீழிருந்தே எடுத்தார்கள். அதாவது பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் ஊர்க்காரர் மறுபடி தண்ணீரில் கால் வைக்க 2006 ஆகஸ்ட் வரை ஆயிற்று. ஒரு தலைமுறைக்கே இந்த ஊரின் வெந்நீர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காட்சிப் பொருள்.

அன்றைக்குத் திறந்த குளியலகமான தெர்மே பாத் ஸ்பாவைக் கட்டிய லட்சணம் தெரியுமா? லாட்டரி நிதி, கிரிம்ஷா என்ற கட்டடக் கலை நிறுவனத்தின் வடிவமைப்பு, 2002இல் திறப்பதாகப் பேச்சு. 2003இல் மூன்று பிரபல ஓபரா பாடகர்களைக் கூட்டிவந்து திறப்பு விழாக் கச்சேரியே வைத்துவிட்டார்கள், கட்டடம் திறக்கவில்லை! குளத்தில் அடித்த பெயிண்ட் உரிந்து வந்தது, யார் தவறு என்று வழக்கு. 1 கோடியே 30 லட்சம் பவுண்டில் முடிய வேண்டியது நாலரைக் கோடியில் வந்து நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் மொட்டை மாடிக் குளம் அருமைதான், மறுக்க மாட்டேன். குளிர்காலச் சாயங்காலம் ஆவி பறக்க அபே தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு 40 பவுண்டுக்கு மேல். முழங்கால் வலியோடு வந்த ஏழைக்குக் கட்டிய மருத்துவமனை ஹோட்டலுக்காக விற்றாயிற்று, முழங்கால் வலியே இல்லாத வாரக்கடைசிக் கூட்டத்துக்குத் தண்ணீர். இதில் கட்டடக் கலை பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

அதே தண்ணீரை ஊருக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டியது அபே தேவாலயம்தான். ரோமானியர் கட்டிய பெரிய வடிகால் வழியாக மிச்ச வெந்நீர் ஏவன் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது, சும்மா. அந்த வடிகாலுக்குள்ளேயே வெப்பமாற்றிகளை வைத்து, அந்தச் சூட்டில் தேவாலயத்தின் தரையைச் சூடாக்குகிறார்கள். தரையை எப்படியும் பெயர்க்க வேண்டியிருந்தது, கீழே ஆயிரக்கணக்கில் புதைத்த உடல்கள் மக்கி, பள்ளம் விழுந்து தரைக்கற்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கற்களை எண் போட்டு எடுத்து, பள்ளத்தை நிரப்பி, குழாய் ஓட்டி, அதே கற்களைத் திருப்பிப் பதித்தார்கள். பாரம்பரியம், நவீனம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் போய் அந்தத் தரையில் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.


கூட்டத்தில்ஒருவன் எழுதியது:

சரி, இவ்வளவு சீரியஸாகப் போகும் என்று நினைக்கவில்லை. ஒரு நிஜ சந்தேகம். என் மச்சான் பாத்தில் பட்டியலிட்ட கட்டடம் ஒன்றில் மாடி வீடு வாங்கியிருக்கிறார். ஜன்னல் காற்று அடிக்கிறது, கேஸ் பில் தாங்கவில்லை. பிளாஸ்டிக் சட்டம் போட்ட இரட்டைக் கண்ணாடி மாட்டலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறாராம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று வேறு சொல்கிறாராம். இதில் பாரம்பரியம் என்ன கெட்டுப்போகும்?


சுண்ணாம்புக்காரன் எழுதியது:

உங்கள் மச்சானை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் பட்டியலிட்ட கட்டடத்தை மாற்றுவது இங்கே கிரிமினல் குற்றம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் கேட்பார், அப்போது மாட்டிக்கொள்வார்.

ஆனால் குளிரில் உட்கார்ந்திரு என்று நானும் சொல்லவில்லை. அந்தக் காலத்து மேலும் கீழும் நகர்த்துகிற ஜன்னலில் காற்று வருவது பெரும்பாலும் கண்ணாடி வழியாக அல்ல, சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக. முதலில் பக்கவாட்டு மரப்பட்டையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே இரும்பு எடை தொங்குகிற பெட்டி இருக்கும், கயிறு இற்றுப்போயிருக்கும், இருநூறு வருட பெயிண்ட் அடுக்கு ஓரமெல்லாம் தடித்திருக்கும். பெயிண்டைச் சுரண்டி, சட்டத்தின் ஓரத்தில் காடி வெட்டிப் பிரஷ் பட்டை பதித்தாலே பாதிக் குளிர் நின்றுவிடும். அப்புறம் உள்பக்கச் சுவரில், பலகை மாதிரி மடித்து வைத்த மரக் கதவுகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீட்டில் அவற்றை ஆணியடித்துப் பெயிண்ட் பூசி மூடியிருப்பார்கள், அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. திறந்தால் ராத்திரிக்குச் சாத்திக்கொள்ளலாம், அன்றைக்கு அதற்காகத்தான் வைத்தார்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம், பழைய ஜன்னலைத் தொடாமல். அதற்கும் நகராட்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய கண்ணாடி லேசாக நெளிந்திருக்கும், தெருவில் நின்று பார்த்தால் வானம் அதில் அசையும். ஒரு வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் பிளாஸ்டிக் சட்டம் போட்டால் அந்த ஒன்றுதான் கண்ணில் குத்தும்.

சிமெண்டும் இதே கதைதான். பாத் கல் மிருதுவான சுண்ணாம்புக் கல், ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். கல்லுக்கு இடையில் பூசுகிற சுண்ணாம்புக் காரை கல்லை விட மிருதுவாக இருந்தால் ஈரம் காரை வழியே போய்விடும், காரை தேய்ந்தால் மறுபடி பூசலாம். பலமாக இருக்கட்டும் என்று சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும், பனி விழுந்தால் உறைந்து கல்லின் முகமே சில்லுச் சில்லாகப் பொரிந்து விழும். சிமெண்ட் கோடு மட்டும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும், கல் இரண்டங்குலம் உள்ளே போயிருக்கும். இப்படி எத்தனை சுவர் பார்த்திருக்கிறேன். விதி போடுகிறவன் மேல் கோபப்படுகிறவர்கள் இந்தச் சுவரையும் பார்க்க வேண்டும்.

அதற்காக விதி போடுகிறவன் எல்லாம் புத்திசாலி என்றும் சொல்ல மாட்டேன். 70களில் ராயல் கிரசண்டில் ஓர் அம்மா தன் வீட்டுக் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். வெள்ளையாக மாற்று என்று நகராட்சி நோட்டீஸ் விட்டது. விசாரணை வரைக்கும் போய் அந்த அம்மாதான் ஜெயித்தார். பக்கத்துத் தெருக்கள் தரைமட்டமாகி முடிந்த காலத்தில் இந்தக் கதவுக்கு நோட்டீஸ்!


தேம்ஸ்கரை எழுதியது:

அந்தக் கதவு இப்போது ஒரு சுற்றுலா இடம் அண்ணா, வரிசையில் நின்று படமெடுக்கிறார்கள்.

வைகை, தண்ணீரைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை என்கிற தொனியில் நீங்கள் எழுதியது மட்டும் முழுக்கச் சரியில்லை. 1982இல் ஏவன் கவுண்டிச் சட்டம் என்று ஒன்று வந்தது. பாத்தில் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரமோ குழாயோ தோண்ட வேண்டுமானால், ஊற்றுக்குப் பங்கம் வராது என்று காட்டி நகராட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஊற்றுக்கு நெருக்கமான பகுதியில் கெடுபிடி அதிகம். கட்டுகிறவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் நியாயமான சட்டம். தண்ணீரைத் தோண்டுகிறவனிடமிருந்து காப்பாற்றிவிட்டார்கள். யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் சட்டம் வாய் திறக்கவில்லை, அந்த மட்டில் உங்கள் கட்சி.

அப்புறம் காசு. ரோமானியக் குளியலிடம் நகராட்சிக்குச் சொந்தம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் டிக்கெட் வாங்கிய காலம் உண்டு. அந்த வருமானம்தான் முதியோர் சேவைக்கும் சாலைக்கும் கைகொடுக்கிறது. சுற்றுலாவைத் திட்டுகிறவர்கள் அந்தப் பணத்துக்கு வேறு வழி சொல்லட்டும்.

ஊருக்குள் கார் நெரிசலுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் ரோடு பக்கம் இரண்டு பக்கமும் உயரமான ஜார்ஜிய வீடுகள், நடுவில் புகை தேங்கிவிடும். அங்கே தெருவை அகலப்படுத்த முடியாது, புறவழிச் சாலைக்கு இடமில்லை. 2021 மார்ச்சில் தூய காற்று மண்டலம் கொண்டுவந்தார்கள். பழைய லாரிக்கு நாளைக்கு 100 பவுண்டு, வேனுக்கு 9. சொந்தக் காருக்கு ஒன்றும் இல்லை! ஓட்டுப் போடுகிறவன் கார் வைத்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் கல்லைத் தொடாமல் செய்த நவீன வேலைக்கு அது நல்ல உதாரணம்.


ரைன்நதி எழுதியது:

தேம்ஸ்கரை, ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியை விடுதியாக மாற்றுவதற்கே திட்ட அனுமதி வேண்டும்தானே? அப்போது ஊர்மக்கள் என்ன எழுதினார்கள்?


தேம்ஸ்கரை எழுதியது:

வேண்டும். இங்கே கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதே தனி அனுமதிக்குரிய விஷயம், மருத்துவமனை ஒரு வகை, ஹோட்டல் இன்னொரு வகை. பொதுவாக இந்த மாதிரி மனுக்களுக்கு வருகிற ஆட்சேபக் கடிதங்களை என் வேலையில் நிறையப் படித்திருக்கிறேன். பத்தில் எட்டு, கூரை மேல் வருகிற கூடுதல் மாடி எங்கள் ஜன்னலை மறைக்கிறது, டெலிவரி வண்டி சத்தம், பார்க்கிங். இந்த இடத்தின் பயன் என்ன, அது ஏன் மாற வேண்டும் என்று எழுதுகிறவர் ஒருவரோ இருவரோ. நீங்கள் கேட்கிற கேள்வியைக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. நம்பி எழுதினால் அதிகாரி தன் அறிக்கையில் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஒதுக்கித் தள்ளினாலும் காரணம் எழுதித்தான் தள்ள வேண்டும்.


வைகைக்கரையான் எழுதியது:

ட்ரோபிரிட்ஜில் இருக்கிறவன் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?


தேம்ஸ்கரை எழுதியது:

யார் வேண்டுமானாலும் எழுதலாம். நகராட்சி வலைத்தளத்தில் மனு எண்ணைப் போட்டுத் தேடுங்கள், கடைசித் தேதி அங்கேயே இருக்கும். பெயரும் முகவரியும் கேட்பார்கள். வாடகை எரிச்சலை மட்டும் அதில் எழுதாதீர்கள், அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.